மூக்கு லாரியின் பிரேக்கை முறுக்கியது யார்?

அவளை டார்ச்சு என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். துணி ஆலையின் வாசலில், வேலை முடிந்து போகிற பெண்களின் பைகளைச் சோதிக்கிற வேலை அவளுக்கு. பட்டப்பகலிலும் கையில் டார்ச் லைட்டோடு நிற்பாள். பையின் மூலைமுடுக்கெல்லாம் வெளிச்சம் அடித்துப் பார்த்து, சந்தேகம் தீர்ந்த பையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து அனுப்புவாள். சந்தேகம் அவளுக்கு வேலையா குணமா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். சிரித்துப் பேசுகிறவனைப் பார்த்தால் இவனுக்கு என்ன வேண்டும் என்று நினைப்பாள். சிரிக்காதவனைப் பார்த்தால் எதை மறைக்கிறான் என்று நினைப்பாள். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர்களுக்கு அவளிடம் தனியாக ஒரு பார்வை உண்டு.

கட்டிய கணவரை மட்டும் அவள் சந்தேகப்பட்டதில்லை. அவருக்குப் பொய் சொல்ல வராது, சொன்னால் காது சிவந்துவிடும் என்பது அவள் கட்சி. அவர் லாரிக்காரர். மலை மேலிருக்கும் கல் குவாரியிலிருந்து அடிவாரத்தில் ஜல்லி உடைக்கிற கிரஷருக்குக் கல் ஏற்றி வருவது வேலை. வண்டி, ஏலத்தில் எடுத்த பழைய மூக்கு லாரி. என்ஜின் முன்னால் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும்விட அதற்கு வயது அதிகம். ஆனாலும் புது வண்டிகள் மூச்சு வாங்குகிற மேட்டில், வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டே அது பாட்டுக்கு ஏறிவிடும்.

ஒருநாள் இறக்கத்தில் பிரேக்குக்குக் காற்றுப் போகிற பைப் வெடித்துவிட்டது. அவர் சமயோசிதமாக வண்டியை மணல் குவியலில் கொண்டுபோய்ச் சொருகினார். வண்டிக்கு முகத்தில் காயம், அவருக்கு இடது முட்டியில் எலும்பு முறிவு. வண்டியை மெக்கானிக் சரி செய்துவிட்டார், பைப்பெல்லாம் புதுசு. டாக்டர் அவர் காலையும் சரி செய்து கட்டைப் பிரித்தார். ஆனால் முட்டி மடங்க மறுத்தது. அந்த லாரியின் கிளட்சை மிதிக்க இடது காலில் ஓர் ஆளின் பாரம் முழுவதும் இறங்க வேண்டும். விறைத்த காலை நீட்டிக்கொண்டு, விபத்துக்குப் பிறகு காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று காதை மூடித் துண்டும் கட்டிக்கொண்டு, முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வேறு டிரைவர் போடலாம் என்று பார்த்தார்கள். பார்த்தது டார்ச்சு. அப்புறம் எப்படிக் கிடைப்பான்? முதலில் வந்தவன் வண்டியைப் பார்க்காமல் டீசல் டேங்க் மூடியைப் பார்த்தான். போ என்றாள். அடுத்தவனுக்கு நகம் சுத்தமாக இருந்தது. லாரிக்காரனுக்கு எப்படி நகம் சுத்தமாக இருக்கும்? அவனும் போனான். இன்னொருவன், “என்னை நீங்க முழுசா நம்பலாம்க்கா” என்றான். அந்த வார்த்தையோடு அவன் கதையும் முடிந்தது.

“எவனையும் நம்ப முடியாது. நானே ஓட்டுறேன்” என்றாள்.

கணவர் தொண்டையில் முள் சிக்கியவர் மாதிரி அவளைப் பார்த்தார். “உன்னால முடியாதும்மா.”

“ஏன் முடியாது? கார் லைசென்ஸ் எடுத்து எவ்வளவு காலமாச்சு. நீங்க உட்கார்ந்த இடத்துலேருந்து சொல்லுங்க. நான் செய்றேன்.”

அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். அதற்குப் பதிலாக முட்டியைத் தடவிக்கொண்டார்.

முதல் பாடமே ஓட்டுவது இல்லை. வண்டிக்குக் கீழே படுப்பது. பிரேக்குக்குக் காற்றைச் சேர்த்துவைக்கிற தொட்டியின் அடியில் ஒரு சின்னக் குழாய் இருக்கும், தினமும் அதைத் திறந்து தேங்கிய தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ரேடியேட்டருக்குத் தண்ணீர், என்ஜினுக்கு ஆயில், கிரீஸ் துப்பாக்கியை வைத்து அழுத்துவதற்கு வண்டி முழுக்கச் சின்னச் சின்ன நிப்பிள்கள். ஒன்றை விட்டாலும் அது மேட்டில் கீச்சென்று ஊரைக் கூட்டும். அதற்கும் மேல் பிரேக். ஒவ்வொரு சக்கரத்துக்குப் பின்னாலும் ஒரு போல்ட். அதை ஸ்பேனர் போட்டு முறுக்கினால் உள்ளே இருக்கும் பிரேக் கட்டை, சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்மைப் போய்த் தொடும். தொட்டவுடன் அரைச் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும்.

“தொட்டாத்தானே நல்லா பிடிக்கும்? எதுக்குத் தளத்தணும்?” என்று கேட்டாள்.

“தொட்டுக்கிட்டே ஓடினா சூடாயிடும். சூடான பிரேக் இறக்கத்துல பிடிக்காது. கால வச்சு அமுக்குவே, வண்டி பாட்டுக்குப் போகும்.” அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

அவள் அதையும் நம்பவில்லை. தானே முறுக்கிப் பார்த்து, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்து, ஒப்புக்கொண்டாள். பிறகு போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தாள். போல்ட் நகர்ந்தால் கோடு உடைந்து காட்டும்.

“இது எதுக்கு?”

“யாராவது கை வச்சா தெரியும்.”

“நம்ம வண்டியில யாரு கை வைக்கப் போறா?” என்று கேட்டுவிட்டு, அவர் துண்டை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

கியர் அவளைப் படாதபாடு படுத்தியது. அந்த வண்டியில் ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்குப் போகக் கிளட்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். முதல் மிதியில் கியரைக் கழற்றி, காலை எடுத்து, என்ஜின் சத்தம் சரியான சுருதிக்கு வரும்போது மறுபடி மிதித்துப் போட வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் கீழேயிருந்து கர்ரக் என்று ஒரு சத்தம் வரும். முற்றத்து நாற்காலியில் அவர் பல்லைக் கடிப்பார். தெருவே கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும். எதிர்வீட்டுத் தையல்காரர், “என்னம்மா, வண்டிக்கு வயித்து வலியா?” என்று கேட்டார். அவள் அவருக்கும் ஒரு பார்வை கொடுத்தாள். ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பித் தோள் வீங்கி, தலை வாரக்கூடக் கை தூக்க முடியாமல் போனது. அழுகை வந்தது. ஆத்திரத்தில் அழுதாள், அழுதுகொண்டே கற்றுக்கொண்டாள். பெரிய வண்டி லைசென்ஸ் கைக்கு வந்ததும் ஆலை வேலையை விட்டாள். குவாரி இறக்கத்தில் முதல் லோடு இறக்கிவிட்டு வந்த அன்று, கணவர் வாசலிலேயே நின்றிருந்தார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தாள். சட்டை முழுக்க வியர்த்து நனைந்து, அவர்தான் லோடு இறக்கியவர் மாதிரி இருந்தார்.

அதற்குப் பிறகுதான் விஷயம் ஆரம்பித்தது.

ஒருநாள் காலையில் வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்தபோது, ஸ்டியரிங் மூட்டுகளில் புதுக் கிரீஸ் பளபளத்தது. அவள் முந்தின நாள் கிரீஸ் அடிக்கவில்லை. அலுப்பில் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். டீசலைத் திருடினால் திருடன் என்று புரிந்துகொள்ளலாம். சும்மா வந்து கிரீஸ் அடித்துவிட்டுப் போகிறவனை என்னவென்று எடுத்துக்கொள்வது? இந்த உலகத்தில் எவன் அடுத்தவன் வண்டிக்கு ஓசியில் கிரீஸ் அடிக்கிறான்? கிரீஸ் ஒரு சாக்கு, அவன் வந்தது வேறு எதற்கோ என்று தோன்றியது. கணவரிடம் சொன்னாள். “நீயே அடிச்சிட்டு மறந்திருப்ப” என்றார். அவள் எதையும் மறக்கிற ஜாதி இல்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

அடுத்து, பிரேக் போல்ட்டுகளில் கோடு உடைந்திருந்தது. பின்சக்கரம் இரண்டிலும். யாரோ போல்ட்டை முறுக்கியிருந்தார்கள். அவள் தளர்த்திவைத்த அரைச் சுற்றில் பாதி காணோம். பேசாமல் மறுபடி தளர்த்திப் புதுக் கோடு கிழித்தாள். சில நாள் கழித்து அதுவும் உடைந்தது.

இப்போது சந்தேகம் ஓர் ஆள்மேல் போய் உட்கார்ந்தது. கொழுந்தன்மேல்.

கொழுந்தன் அடிவாரத்தில், கிரஷருக்குப் போகிற வழியில் பஞ்சர் கடை வைத்திருந்தான். அண்ணன் அடிபட்ட நாளிலிருந்து அவனுக்கு ஒரே பல்லவி. “அந்த எமன இரும்புக் கடைக்குப் போட்டுடுங்க அண்ணி. அண்ணன் பொழச்சதே பெரிசு. இப்ப நீங்க வேற.” ஒருமுறை கேட்காமலே பழைய இரும்புக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து வண்டியைச் சுற்றிக் காட்டினான். அவளுக்கு மூக்கில் வியர்க்க அது போதாதா? வண்டி அவனுக்குப் பிடிக்கவில்லை. கையில் ஸ்பேனர் இருக்கிறது. அண்ணன் வீட்டு முற்றத்துக்குள் அவன் வந்தால் நாய்கூடக் குரைக்காது. வண்டி வழியில் இரண்டு தடவை மக்கர் பண்ணினால் தானாக விற்றுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருப்பான் என்று அவள் முடிவு கட்டினாள். அன்றிலிருந்து அவன் அண்ணி என்று கூப்பிடும்போதெல்லாம் அந்தக் குரலைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள்.

மழை விட்ட ஒரு திங்கள்கிழமை, அவசர லோடு என்று குவாரியிலிருந்து ஆள் வந்து நின்றான். அன்றைக்குக் கீழே படுத்துப் பார்க்க நேரமில்லை. மேலே போகும்போதே வண்டி வழக்கத்துக்கு மாறாகக் கனத்தது, யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது போல. கல் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் திரும்பினாள். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று கணவர் சொல்லியிருந்ததால் இரண்டாவது கியரை மாற்றவில்லை. பாதி வழியில் தீய்ந்த வாடை வந்தது. பிரேக்கை மிதித்தாள். மிதி இறங்கியது, வண்டி கேட்கவில்லை. இன்னும் அழுத்தினாள். சீட்டிலிருந்து எழுந்து நின்றே மிதித்தாள். வண்டி அதன் பாட்டுக்குப் போனது.

கீழே வளைவில் பள்ளிக்கூட வேன் ஒன்று ஒதுங்கி நின்றிருந்தது. அவள் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு, கியரை மட்டும் நம்பிக்கொண்டு, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தாள். என்ஜின் அலறிக்கொண்டே வண்டியை இழுத்துப் பிடித்தது. வேனுக்கும் லாரிக்கும் நடுவே ஒரு சைக்கிள் போகிற அளவுதான் இடம் இருந்திருக்கும். தாண்டி, சமதளத்தில் உருண்டு, தானாக நின்றது. இறங்கிப் பார்த்தாள். பின் டிரம் இரண்டும் புகைந்தன. விரலால் தண்ணீர் தெளித்தாள், சுர்ரென்று ஆவியானது. டார்ச்சை அடித்தாள். கோடுகள் உடைந்திருந்தன. இந்தத் தடவை தளர்த்தின அரைச் சுற்று துளிகூட மிச்சமில்லை.

டிரம் ஆறுகிற வரை காத்திருந்து, போல்ட்டைத் தளர்த்தி, வண்டியை நேராகப் பஞ்சர் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். கொழுந்தன் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷமும் அவனை நீங்க என்றே பேசியவள், அன்று முதல்முறையாக மாறினாள்.

“என்னைக் கொல்லப் பாத்தியா நீ?”

“அண்ணி?”

“வண்டிய விக்கணும்னா நேரா சண்டை போடு. வண்டிக்கு அடியில பூந்து பிரேக்க முறுக்காத. இன்னைக்கு ஸ்கூல் வேன் ஒண்ணு தப்பிச்சுது. உனக்கும் பிள்ளைங்க இருக்கு.”

கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவன் கையிலிருந்த டியூப் நழுவித் தண்ணீரில் விழுந்தது. “விக்கச் சொன்னேன். ஆமா, சொன்னேன். எதுக்குச் சொன்னேன்? எங்கண்ணன அந்த மணல்லேருந்து தோண்டி எடுத்தது நான். உங்களையும் தோண்டி எடுக்கற தெம்பு எனக்கு இல்ல, அதான் சொன்னேன்.” அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. “நான் உங்க வண்டிய தொட்டது இல்ல அண்ணி. இனிமே உங்க வாசப்படியும் மிதிக்க மாட்டேன்.”

நன்றாக நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தாள். ஆனால் வழியெல்லாம் மனசு ஒரு நிலையில் இல்லை. அவன் அழுததைக்கூடச் சந்தேகப்படுகிறோமே என்று அவள்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. வீட்டில் நடந்ததைச் சொன்னபோது கணவர் முகம் வெளிறியது. ஸ்கூல் வேனா, ஸ்கூல் வேனா என்று இரண்டு தடவை கேட்டார். “தம்பியா இருக்காது” என்றார். “அப்ப வேற யாரு?” என்றாள். அவர் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கையும் களவுமாகப் பிடிக்காமல் இது தீராது என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, தங்கை வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம்தான் வருவேன் என்று தெருவுக்கே கேட்கிறாற்போலச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பஸ் நிறுத்தம் வரை போய், பின்சந்து வழியாகத் திரும்பி வந்து, விறகு அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. எறும்பு கடித்தது, பொறுத்துக்கொண்டாள். அப்புறம் ஸ்பேனர் இரும்பில் உரசும் சத்தம் கேட்டது. ஆள் எப்போது வந்தான் என்றே தெரியவில்லை. வண்டிக்குக் கீழேயிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. வீல் கழற்றுகிற கம்பியை எடுத்துக்கொண்டு போய் நின்றாள்.

“வெளிய வாடா!”

கால்கள் அசையவில்லை. அப்போதுதான் கவனித்தாள். வலது கால் நீட்டியிருந்தது. இடது கால், பலம் கொடுத்து முறுக்குவதற்கு வசதியாக, முட்டி மடங்கித் தரையில் ஊன்றியிருந்தது. செருப்பு அவள் போன மாதம் வாங்கிக்கொடுத்த செருப்பு.

கம்பியைக் கீழே வைத்தாள். “முட்டி மடங்குது போல” என்றாள்.

வண்டிக்கடியிலிருந்து குரல் வந்தது. “மடங்குது.”

“எப்பலேருந்து?”

“கட்டுப் பிரிச்ச கொஞ்ச நாள்லயே.”

அவர் ஊர்ந்து வெளியே வந்து உட்கார்ந்தார். துண்டு அவிழ்ந்து தோளில் கிடந்தது. இரண்டு காதும் செக்கச்செவேலென்று இருந்தன.

“அந்த இறக்கத்த நெனச்சாலே கை நடுங்குது. ஆம்பளை, இத்தன வருஷம் ஓட்டினவன், பயமா இருக்குன்னு எப்படிச் சொல்றது? முட்டின்னு சொன்னேன். நீ ஒரு டிரைவரப் போடுவன்னு நெனச்சேன். நீ நானே ஓட்டுறேன்னு நின்ன. அப்பவாவது சொல்லியிருக்கணும்.”

“உங்களுக்குப் பயமா இருக்கற இறக்கத்துல என்னை எறக்கி விட்டீங்க” என்றாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. ஊரில் எல்லோரையும் சோதித்தாள், வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவரை விட்டுவிட்டாள்.

“நீ போற ஒவ்வொரு நாளும் நான் இங்க செத்துப் பொழைக்கிறேன். ஏதாவது செய்யணும் போல இருக்கும். கிரீஸ் அடிப்பேன். பிரேக்க இன்னும் கொஞ்சம் இறுக்கி வச்சா நீ பத்திரமா வருவேன்னு…”

“இறுக்கினா சூடாகும்னு சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே?”

“தலைக்குத் தெரியுது. கைக்குத் தெரிய மாட்டேங்குது. வேன் வந்துச்சுன்னு நீ சொன்னதுலேருந்து தூக்கமே இல்ல. அதான் இப்ப தளத்தலாம்னு வந்தேன். நீ சரியாத்தான் வச்சிருந்த. அதுமேலயும் ஸ்பேனர வச்சா இறுக்கத்தான் போகுது கை.” சொல்லிவிட்டு ஸ்பேனரை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். வண்டிக்கடியில் போய், அவர் முறுக்கியதைத் தளர்த்தினாள். கோடு எதுவும் கிழிக்கவில்லை. யாரென்று தெரிந்த பிறகு கோடு எதற்கு?

“நாளைக்கு என்கூட வர்றீங்க” என்றாள். “ஓட்ட வேண்டாம். பக்கத்துல உட்காருங்க.”

மறுநாள் அவர் துண்டு கட்டாமல் ஏறினார். மேட்டில் ஏறும்போது பேசிக்கொண்டுதான் வந்தார். கல் ஏற்றித் திரும்பியதும் பேச்சு நின்றது. இறக்கத்தில் அவர் கால் பிரேக்கே இல்லாத அந்தப் பக்கத்துத் தகரத்தை மிதித்து மிதித்து நசுக்கியது. அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். வளைவில் மெல்ல மிதித்தாள். வண்டி சமர்த்தாகக் கேட்டது. “பிடிக்குது” என்றார் அவர், நம்ப முடியாதவர் போல. “பிடிக்கும்” என்றாள்.

பஞ்சர் கடை வாசலில் வண்டியை நிறுத்தினாள். கணவர் அவள் கையைப் பிடித்தார். “நான் சொல்லிடறேன்” என்றார், ஆனால் அந்த முகத்தில் சொல்கிற தெம்பு இல்லை. கடையில் அன்றைக்கு நின்றவர்களில் இரண்டு பேர் இன்றும் நின்றிருந்தார்கள். கொழுந்தன் நிமிர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் முதலில் இறங்கினாள்.

“தம்பி, நீங்க என்னை மன்னிக்கணும். பிரேக்க யாரும் முறுக்கல. நான்தான் தப்புத் தப்பா இறுக்கி வச்சிட்டு, ஊர்ல உள்ளவங்கமேல எல்லாம் பழி போட்டிருக்கேன். உங்கண்ணன் பாத்துதான் கண்டுபிடிச்சாரு.”

நின்றிருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். டார்ச்சு தன் கையையே திருடன் கை என்று பிடித்துவிட்டாள் என்றான் ஒருவன். இனி ஊர் இதைச் சொல்லிச் சொல்லியே அவளைக் கேலி செய்யும். அது அவளுக்கும் தெரியும். நிமிர்ந்துதான் நின்றாள். கொழுந்தன் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணி தப்பாக முறுக்குவாள் என்பதை அவனால் நம்ப முடியவில்லை, அது முகத்தில் தெரிந்தது.

அதற்குள் அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. கணவர் உயரமான படியில் இரண்டு முட்டியையும் மடக்கி, சட்டென்று கீழே குதித்தார். குதித்த பிறகுதான் நொண்ட வேண்டும் என்று நினைவு வந்தது. இறக்கத்தின் நடுக்கம் இன்னும் தெளியாத மனுஷன், அவசர அவசரமாக வலது காலை இழுத்து இழுத்து நொண்டிக்கொண்டு வந்தார்.

டார்ச்சுக்கு உயிரே போய்விட்டது.

கொழுந்தன் அந்தக் காலைப் பார்த்தான். அண்ணன் முகத்தைப் பார்த்தான். அவனை நேராகப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணியைப் பார்த்தான். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால், ஒரு பெரிய டயரை உருட்டி வந்து அண்ணன் பக்கத்தில் சாய்த்துப் போட்டான்.

“உட்காருண்ணா” என்றான். “ரெண்டு காலும் வலிக்குது போல.”